நாலு நிற விளக்கும் பரவாயில்லை மாஸ்டரும்

செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. காலை எட்டு மணிக்குத்தான் கதவு திறக்கும். ஆறு மணிக்கே வரிசை படியிறங்கி, கடை வாசலைச் சுற்றிக்கொண்டு, பக்கத்துப் பல் மருத்துவமனை வரை வந்துவிடும். செருப்புக் கடைக்காரர் முதலில் மகிழ்ந்துபோனார். பிறகுதான் தெரிந்தது, வந்தவர்கள் செருப்பை மாற்ற வந்தவர்கள் இல்லை. தங்களையே மாற்றிக்கொள்ள வந்தவர்கள்.

மேலே இருந்தவருக்கு ஒளியார் என்று பெயர். அவரே வைத்துக்கொண்டது. பழைய பெயர் என்ன என்று கேட்டால், "அந்த ஆள் செத்துட்டான்" என்பார். செத்தவனைப் பற்றி மேற்கொண்டு விசாரிப்பது மரியாதை இல்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஒளியார் ஜோசியர் இல்லை. அப்படிச் சொன்னால் கோபம் வரும். கட்டம் போட மாட்டார், கைரேகை பார்க்க மாட்டார். காலத்துக்கு ஏற்ற ஆள். அவர் பார்ப்பது உங்கள் பிராண்ட். சோப்புக்கு பிராண்ட் இருக்கிறது, பற்பசைக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லையே என்று கேட்பார். கேட்டவர்களுக்கு உடனே வெட்கமாகிவிடும். நாற்பது ஐம்பது வருஷமாக லேபிள் இல்லாத டப்பாவாகவா அலமாரியில் உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றும்.

அதற்கு அவரிடம் ஒரு விளக்கு இருந்தது. உருண்டையான, பால் நிறக் கண்ணாடி விளக்கு. வைத்திருக்கும் மேசையும் கண்ணாடி. "மறைக்க என்கிட்ட எதுவும் இல்ல, பாருங்க" என்று மேசைக்கு அடியில் கையை விட்டு ஆட்டிக் காட்டுவார். நீங்கள் கண்ணை மூடி விளக்கின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். உங்கள் அதிர்வை வாங்கிக்கொண்டு விளக்கு நிறம் காட்டும். நீலம் வந்தால் நீங்கள் கடல். பச்சை, காடு. மஞ்சள், சூரியன். சிவப்பு, எரிமலை. உலகத்து மனிதர்கள் எல்லோரையும் நாலு நிறத்தில் அடக்கிவிட்டார். படைத்தவன் ஒவ்வொரு கட்டைவிரலுக்கும் தனித்தனி ரேகை போட்டு நேரத்தை வீணாக்கியிருக்கிறான். அவனுக்கு இந்தச் சிக்கனம் தோன்றவில்லை.

நிறம் தெரிந்த பிறகு அதற்கேற்ற சட்டை, அதற்கேற்ற கையெழுத்து, அதற்கேற்ற சிரிப்பு. எல்லாம் அங்கேயே கிடைக்கும். கட்டணம் கிடையாது. காணிக்கையும் கிடையாது. "முதலீடு" உண்டு.

பலன் ஊரெல்லாம் தெரிந்தது. கீழே இருந்த பல் டாக்டருக்குச் சிவப்பு வந்தது. அன்றிலிருந்து அவர் சிரிக்காமல், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, "வாயைத் திற" என்று கர்ஜித்தார். நோயாளிகள் வலியை மறந்து ஓடினார்கள். வலி போனது போனதுதானே. வங்கியில் மூன்றாவது கவுன்டர் அம்மாவுக்கு நீலம். கடல் ஆழமானது, அது அனாவசியமாகப் பேசாது என்று ஒளியார் சொல்லியிருந்தார். அந்த அம்மா யார் எதைக் கேட்டாலும் தூரத்தை வெறித்துப் பார்த்தார். மூன்றாவது கவுன்டரில் அலை மட்டும்தான் அடிக்கவில்லை.

விளக்கைத் தொடுவதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது கேள்வி. பதினேழாவது கேள்வி: நீங்கள் யாராக இருக்க ஆசைப்படுகிறீர்கள்? விளக்குக்குப் படிக்கத் தெரியாது. ஒளியாருக்குத் தெரியும்.

அந்தப் பதினேழாவது கேள்விக்கு ஒரு நாள் ஒருவர் வெகுநேரம் யோசித்து, "கொஞ்சம் கோபக்காரனாக" என்று எழுதினார். அவரைத்தான் நாம் இப்போது பார்க்கப் போகிறோம்.

அவர் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபத்தேழு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பரவாயில்லை மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். காரணம் எளியது. கற்றுக்கொள்ள வந்தவர் என்ன செய்தாலும் அவர் வாயில் வருகிற வார்த்தை அது ஒன்றுதான். வண்டி நின்றுவிட்டதா? பரவாயில்லை. தடுப்பில் உரசினீர்களா? பரவாயில்லை. வலதுபக்கம் திரும்பச் சொன்னால் இடதுபக்கம் திரும்பி யாரோ ஒருவர் வீட்டுக் கேட்டுக்குள் போய்விட்டீர்களா? "பரவாயில்ல, அவங்களும் வீட்ல இல்ல போல."

கற்றுக்கொடுக்கிற காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. நீங்கள் உங்கள் திறமையால் வண்டியை நிறுத்தியதாக நினைத்து நெற்றி வியர்வையைத் துடைப்பீர்கள். நிறுத்தியது அவர் கால். அதை அவர் சொல்லவே மாட்டார். "நல்லா நிறுத்தினீங்க" என்பார். இப்படிச் சின்னச் சின்னப் பொய்களால் அந்த ஊரில் எத்தனையோ பேருக்குத் தைரியம் கொடுத்தவர். கடவுள் கணக்குப் பார்க்கிற அன்று அந்தப் பொய்களைக் கண்டுகொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்குக் கோபக்காரனாகும் ஆசை எப்படி வந்தது? ஸ்கூல் முதலாளியம்மா புதிதாக விளம்பரப் பலகை வைத்தார். அதில் மற்ற இரண்டு மாஸ்டர்களின் படம் இருந்தது. ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு காரை முறைத்தார். இவர் படம் இல்லை. கேட்டதற்கு முதலாளியம்மா வருத்தத்தோடுதான் சொன்னார். "உங்களை எப்படிப் போடறதுன்னு தெரியல மாஸ்டர். உங்களுக்குன்னு ஒரு அடையாளமே இல்லையே."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் பல் மருத்துவமனை வாசலில், வரிசையின் வாலில் நின்றார். விளக்கு சிவப்புக் காட்டியது.

முதலீட்டுக்காக மோட்டார் சைக்கிளை விற்றார். டிரைவிங் மாஸ்டர் அன்றிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வந்தார்.

மாஸ்டரிடம் அப்போது கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, அவருடைய சொந்த அக்கா. டெய்லரம்மா என்றால் தெரியும். இரண்டு தையல் மெஷின் போட்ட சிறிய கடை. ஐம்பத்தாறு வயது. தைத்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பழைய வேன் வாங்கப் போகிறாள். லைசென்ஸ் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் வந்தபோது தம்பி சிவப்புச் சட்டையில் காரின் மேல் சாய்ந்து நின்றார்.

"ஏறு," என்றார்.

டெய்லரம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். "யார்கிட்ட பேசற?"

"உன்கிட்டதான்."

"ஏறுக்கான்னு சொல்ல மாட்டியா?"

"எரிமலை அக்கான்னு சொல்லாது."

"சரி. சட்டை யார் எடுத்துக் கொடுத்தது? தபால் பெட்டி மாதிரி இருக்க. வாயை மூடிக்க, யாராவது லெட்டர் போட்டுடப் போறாங்க."

எரிமலை கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தது. டெய்லரம்மா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணை மூடினாள். அது அவள் வழக்கம். எந்த வேலையையும் கும்பிட்டுத்தான் தொடங்குவாள். கும்பிட்டு முடித்ததும் கண்ணை நன்றாகத் திறந்துகொள்வாள். அதுவும் வழக்கம்.

"சீக்கிரம்," என்றது எரிமலை.

"சாமி கும்பிடறவளை அவசரப்படுத்தற எரிமலையை இப்பதான்டா பாக்கறேன்."

வண்டி கிளம்பியது. பள்ளிக்கூட வளைவு வரை ஒழுங்காகப் போனது. அங்கே ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. மாஸ்டர் வாயைத் திறந்தார். "ப..." என்றார். அப்படியே விழுங்கினார்.

"என்னடா, விக்கலா?"

"இல்ல."

"முழுங்காத, சொல்லு. அந்த வார்த்தை கேக்காம எனக்குக் கால் ஓடல."

"அதைச் சொல்லக் கூடாதுன்னு ஒளியார் சொல்லியிருக்கார். என் எதிரியே அந்த வார்த்தைதானாம். இருபத்தேழு வருஷமா என்னை அமுக்கி வெச்சிருக்காம்." மூச்சை இழுத்து, மார்பை நிமிர்த்தி, அவர் கத்தினார். "கிளட்ச்! கிளட்சை எவ்வளவு சீக்கிரம் விட்ட! முழங்கால் ஏறினதை நான்..." அதற்குள் இருமல் வந்துவிட்டது. பழக்கமில்லாத தொண்டை.

டெய்லரம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். "குடி. உள்ள எல்லாம் காஞ்சு கிடக்குது போல." அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். லாரிக்காரர் சுற்றிக்கொண்டு போய்விட்டார். "முழங்காலையா பாப்ப? நான் காலைப் பாக்கறேன்னு நினைச்சேன்."

"காலைப் பாக்கறதுக்குள்ள வண்டி மோதிடும். கால் என்ன செய்யப் போகுதுன்னு முழங்கால் முன்னாடியே சொல்லிடும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் பழைய மாஸ்டராக இருந்தார். பிறகு ஞாபகம் வந்து முகத்தை இறுக்கிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை மறுபிறப்பு நாள். மேடையில வேலையை விடறேன்."

"எந்த வேலையை?"

"இந்த வேலையைத்தான். லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். முதலாளியம்மாவையும் வரச் சொல்லியிருக்காங்க. எல்லார் முன்னாடியும் அவங்க கையில கொடுக்கணும். பழைய ஆளை மேடையிலேயே கொன்னாத்தான் புது ஆள் பிறப்பானாம்."

"பிறந்தப்புறம் சோத்துக்கு?"

"பிராண்ட் இருந்தா வேலை தேடி வரும்."

"எங்க இருந்து?"

"அதை அவர் சொல்லல."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"எரிமலை முன்கூட்டியே சொல்லிட்டா வெடிக்கும்?"

"வெடிச்சப்புறம் பக்கத்துல ஒருத்தர் இருக்க மாட்டாங்கடா."

அவர் சிரிக்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். கடைத்தெருவுல எதிர்ல வர்றாங்க. ஒருத்தராவது நின்னு பேசறாங்களா? கார்ல சர்ருனு போறாங்க. யாருக்கும் ஞாபகம் இல்லாத ஆளாவே போயிடுவேன்னு பயமா இருக்குக்கா."

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்கிற பழக்கம் டெய்லரம்மாவுக்கு இல்லை. வண்டியை மறுபடியும் கிளப்பினாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒளியாரின் உடைகளைத் தைத்ததும் இதே டெய்லரம்மாதான். அவருடைய காரியதரிசி, கையில் எப்போதும் அட்டை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு அம்மா, அளவு எழுதிய சீட்டோடு வருவார். தரையைத் துடைக்கிற மாதிரி தொளதொளவென்று வெள்ளை பேண்ட். அதில் ஒரு விசித்திரம். இடது காலின் விளிம்பை மட்டும் அகலமாக மடிக்க வேண்டும். அந்த மடிப்புக்குள் சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸ் துணியைத் தைக்க வேண்டும். கூடாரம் மாதிரி விறைப்பாக நிற்க வேண்டும். வலது காலுக்கு வேண்டாம்.

அன்று மதியம் காரியதரிசி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை விழாவுக்குப் புது பேண்ட். அதே அளவுதான்."

"எப்பவும் கேக்கணும்னு நினைப்பேன். ஒரு காலுக்கு மட்டும் எதுக்கும்மா கேன்வாஸ்?"

"அவர் பூமியோட சக்தியை இடது காலாலதான் வாங்கறார்."

"வலது கால்?"

"அது சும்மா நடக்கறதுக்கு."

"முப்பத்தஞ்சு வருஷமா தைக்கறேன். சக்திக்குக் காலர் வெச்சுத் தைக்கறது இவருக்கு மட்டும்தான்," என்றாள் டெய்லரம்மா. காரியதரிசி சிரிக்கவில்லை. மஞ்சள் நிறக்காரர்தான், ஆனால் சூரியனுக்கு அன்று விடுமுறை.

அந்த வாரம் டெய்லரம்மாவின் மனம் மெஷினில் இல்லை. தம்பி வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அவன் நம்பிச் சொன்னதைக் காட்டிக்கொடுப்பதா என்று திரும்பி வந்தாள். கடவுளிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை பேண்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டு விளிம்பை மடித்துத் தைத்தாள். காரியதரிசி வாசலிலேயே நின்று அவசரப்படுத்தி, இஸ்திரி சூடு ஆறுவதற்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஊரிலேயே பெரிய கூட்ட அரங்கம். முன்னூறு நாற்காலி. நாலு நிறத்துக்கும் நாலு பகுதி. கடல் பக்கம் அமைதியாக இருந்தது. எரிமலைப் பக்கம் எல்லோரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். காடுகள் ஏன் என்று தெரியாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நிறம் இல்லாதவர்களுக்குக் கடைசி வரிசை. டெய்லரம்மா அங்கே உட்கார்ந்தாள். மாஸ்டரின் மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு அண்ணி என்னை வரச் சொன்னார்? ஏதோ பரிசு தர்றாங்களாம். காலையில பூரா கண்ணாடி முன்னாடி நின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தார்."

"உக்காரு," என்றாள் டெய்லரம்மா.

ஒளியார் மேடைக்கு வந்தார். அரங்கமே எழுந்து நின்றது. டெய்லரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தையல்காரிக்குத் தான் தைத்ததுதான் முதலில் கண்ணில் படும். பார்த்தாள்.

வலது கால் கூடாரம்போல் விறைத்து நின்றது. இடது கால் தொங்கிக் கிடந்தது.

உள்பக்கம் திருப்பிப் போட்டால் இடது வலதாகும், வலது இடதாகும். நேற்றுத் தைக்க வந்த பெண்ணுக்கும் தெரிந்த பாடம். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடச் செய்யாத தவறு. தம்பியை நினைத்துக்கொண்டே தைத்த கை கேன்வாஸைக் கால் மாற்றி வைத்துவிட்டது.

"ஐயோ பாவம், இன்னிக்கு சக்தி எப்படி வாங்குவாரோ," என்று முணுமுணுத்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

ஒளியார் விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். பேண்ட்டை இடது பக்கமாக இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டுக்கொண்டார். முதலில் வந்தவர் ஒரு மர வியாபாரி. கண்ணை மூடிக் கையை வைத்தார். விளக்கு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி, சிவப்பில் நின்றது. "எரிமலை," என்றார் ஒளியார். கைதட்டல்.

அடுத்து வங்கியின் மூன்றாவது கவுன்டர் அம்மா. பழைய கடல். புதுப்பித்துக்கொள்ள வந்திருந்தார். கையை வைத்தார். சிவப்பு. ஒளியார் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார். சிவப்பு. இன்னும் கொஞ்சம் அசைந்தார். சிவப்பு.

"கடல் கொதிக்கிறது," என்றார் ஒளியார். அதற்கும் கைதட்டினார்கள்.

மூன்றாவது ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். சிவப்பு. நான்காவது கைக்குழந்தையோடு வந்த அம்மா. அவருக்கும் சிவப்பு, குழந்தை கையை வைத்துப் பார்த்தார்கள், அதற்கும் சிவப்பு. ஒளியாரின் நெற்றியில் வியர்வை. இரண்டு கையையும் உயர்த்தினார். "இன்று அபூர்வமான நாள். பிரபஞ்சமே எரிமலையாகி இருக்கிறது."

பிரபஞ்சம் என்றதும் பலர் கும்பிட்டார்கள். சொல் பெரிதாக இருந்தால் நம் கை தானாகக் குவிந்துவிடுகிறது.

"அடுத்தது, தன் பழைய ஆளை இந்த மேடையில் விட்டுவிடப் போகிறவர்," என்று காரியதரிசி அறிவித்தார். மாஸ்டர் சிவப்புச் சட்டையோடு படியேறினார். கையில் உறை. முதலாளியம்மாவும் மேடைக்கு வந்து நின்றார். மாஸ்டரின் மனைவி, "அது என்ன உறை?" என்றாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. டெய்லரம்மா நடந்துகொண்டிருந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றாள் மேடைக்குக் கீழே நின்று. "யாருமே கை வைக்காம விளக்கு என்ன நிறம் காட்டுது?"

எல்லோரும் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. சிவப்பு.

"முந்தையவரோட அதிர்வு மிச்சம் இருக்கு," என்றார் ஒளியார்.

"அப்படியா." டெய்லரம்மா படியேறினாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறக்காமல் விளக்கில் படும்படி சாய்த்துப் பிடித்தாள். "இதுவும் எரிமலைங்களா? உள்ள பச்சைத் தண்ணிதான் இருக்குது."

எங்கோ ஒருவர் சிரித்தார். காடுகள் பக்கம் என்று நினைக்கிறேன்.

"அம்மா, நம்பிக்கை இல்லாதவங்களுக்கு ஒளி வேலை செய்யாது."

"எனக்கு நம்பிக்கை நிறைய இருக்குங்க. தினமும் கும்பிட்டுட்டுத்தான் ஊசியில நூல் கோக்கறேன். கோக்கும்போது கண்ணைத் திறந்துக்குவேன், அவ்வளவுதான். தப்பா நினைச்சுக்காதீங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு. இடது கால் வழியா சக்தி வருதுன்னு உங்க காரியதரிசி அம்மா சொன்னாங்க. ரெண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்கிட்டு ஒரே ஒரு தடவை பாருங்க. அப்பவும் நிறம் மாறினா நானே சிவப்புச் சட்டை தச்சுப் போட்டுக்கறேன்."

"கால் பூமியில இருக்கணும்," என்றார் ஒளியார். குரலில் ஒளி குறைந்திருந்தது.

இவ்வளவு நேரமும் மாஸ்டர் அசையாமல் நின்றார். அவர் அக்காவைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த ஒளியாரின் இடது முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறியது. இறங்கியது. மறுபடி பாதி ஏறி நடுங்கியது. இருபத்தேழு வருஷமாகத் தினமும் பார்க்கிற நடுக்கம்.

அவர் குனிந்து, தன்னிடம் முதல் நாள் வருகிறவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"சார், பயப்படாதீங்க. கிளட்ச்ல இருந்து காலை மெதுவா எடுங்க."

ஒளியார் எழுந்துவிடப் பார்த்தார். அதுதான் அவர் செய்த தவறு. எழுந்தார், ஒரு அடி வைத்தார். இடது காலின் தொங்கிய விளிம்பில் சிக்கிக்கொண்டு, சோப்புப் பெட்டி அளவில் ஒரு மிதிகட்டை, கம்பளத்துக்கு அடியில் ஓடிய ஒயரையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டு வந்தது. விறைத்த விளிம்பு கூடாரம்போல் மூடி மறைத்திருக்க வேண்டியது, அன்று தொங்கிய துணியைக் கவ்விக்கொண்டு சிவப்பிலேயே இறுகியிருந்தது. அவர் காலை உதறினார். பெட்டி தரையில் மோதியது. விளக்கு நீலம். இன்னொரு உதறல். பச்சை. ஓடப் பார்த்தார். மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். மேடையில் அவர் தாவத் தாவ, கடலும் காடும் சூரியனும் எரிமலையும் மாறி மாறி வந்துபோயின. அவர் சொன்னது உண்மைதான், சக்தி இடது காலில்தான் இருந்தது.

முதலில் அரங்கம் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் இன்னொரு சத்தம் எழுந்தது. ஏமாந்தவர்களின் சத்தம் அது. பல் டாக்டர் முன்னால் வந்தார், இப்போது அவருக்கு நிஜமாகவே கோபம். எரிமலைப் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. ஒளியார் ஒயரில் தடுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையால் முகத்தை மூடிக்கொண்டார். ஒளியாரும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லோர் முன்னாலும் அகப்பட்டுக்கொண்ட ஒரு நடுத்தர வயது மனிதர்.

மாஸ்டர் அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மண்டியிட்டார். விளிம்பில் மாட்டியிருந்த மிதிகட்டையை விரலால் பொறுமையாக விடுவித்தார்.

"பரவாயில்ல சார்," என்றார்.

வாய் தவறி வந்ததுதான். வந்தபிறகு அவரே ஒரு கணம் திகைத்தார். பிறகு இன்னொரு முறை, கூட்டத்தைப் பார்த்து, கொஞ்சம் பலமாகச் சொன்னார். "பரவாயில்ல, உக்காருங்க. அடிக்க வேண்டாம். வாங்கின முதலீட்டைத் திருப்பிக் கொடுத்துடுவார். கொடுப்பீங்கல்ல சார்?"

தரையில் இருந்தவர் தலையாட்டினார். காரியதரிசி அட்டையில் எதையோ எழுதத் தொடங்கினார்.

டெய்லரம்மாவும் வந்து குனிந்தாள். சின்னக் கத்தரியால் சிக்கிய நூலை வெட்டினாள். "ஐயா, கேன்வாஸைக் கால் மாத்தித் தச்சுட்டேன். தப்பு என்னோடதுதான். கொண்டு வாங்க, பிரிச்சுத் தச்சுத் தரேன். ஆனா இனிமே கேன்வாஸ் வேண்டியிருக்காதுன்னு நினைக்கிறேன்."

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. கூட்டத்தில் பலர் அதை மாதக்கணக்கில் கேட்டதில்லை. மூன்றாவது கவுன்டர் அம்மா பேசினார்.

"மாஸ்டர், என்னைத் தெரியுதா? பத்து வருஷம் முன்னாடி உங்க கார்ல பால் பூத் சுவத்துல கொண்டுபோய் இடிச்சேன்."

"முகப்பு விளக்கு ரெண்டும் போச்சு," என்றார் மாஸ்டர்.

"இறங்கி ஓடிடலாம்னு இருந்தேன். நீங்க இதே வார்த்தையைச் சொல்லி, மறுபடி சாவியைக் கையில கொடுத்தீங்க. இன்னிக்கும் எதுல தப்புப் பண்ணினாலும் உங்க குரல்தான் கேக்கும். கடைத்தெருவுல பார்ப்பேன். நிறுத்திப் பேசணும்னு தோணும். வண்டி ஓட்டும்போது கவனத்தைத் திருப்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "ப..." என்றார். இந்த முறை விழுங்கியது வேறு காரணத்துக்காக.

முதலாளியம்மா தொண்டையைச் செருமினார். "மாஸ்டர், கையில அது என்ன லெட்டர்?"

மாஸ்டர் உறையைப் பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து எழுந்து மேடையடிக்கு வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைவிட எரிமலையே தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும். அக்கா கையை நீட்டினாள். வாங்கி, உறையைப் பிரித்து, காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "பின்பக்கம் வெத்தாத்தான் இருக்குது. அளவு எழுதிக்கறேன்," என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் அரங்கம் காலியானது. வெளியே பல் டாக்டர் சிவப்புச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே மாஸ்டரிடம் ரகசியமாகக் கேட்டார். "அப்படின்னா என்னோட உண்மையான நிறம் எது சார்?" வாசலில் நாலைந்து பேர் காரியதரிசியைச் சுற்றிக்கொண்டு, வேறு எங்காவது நல்ல விளக்காக இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் டெய்லரம்மா லைசென்ஸ் தேர்வுக்குப் போனாள். பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி எழுதுகோலை எடுத்தார். அவள் தனக்குத் தானே, சத்தமாக, "பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டு மறுபடி கிளப்பினாள். தேர்ச்சி பெற்றாள். ஸ்கூல் விளம்பரப் பலகையில் இப்போது மூன்றாவதாக ஒரு படம் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி இல்லை, முறைப்பு இல்லை. படத்தின் கீழே அந்த ஒரே வார்த்தை. வரிசை அங்கேயும் நிற்கிறது.

அந்த வார்த்தையை நீங்களும் தாராளமாகச் சொல்லுங்கள். தடுக்கி விழுந்தவரிடம் சொல்லுங்கள், தவறு செய்தவரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் கண்ணாடி முன் நின்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் விளக்கைக் காட்டி உங்களை மாற்றித் தருவதாக ஒருவர் வந்தால், அவரிடம் மட்டும் பரவாயில்லை என்று சொல்லிவிடாதீர்கள். கும்பிட்டு முடித்துக் கண்ணைத் திறந்துகொண்டு, மரியாதையாக ஒன்றே ஒன்று கேளுங்கள்:

"ஐயா, காலைக் கொஞ்சம் தூக்குங்க, பாக்கலாம்."